உடம்பில் ஃபுட்பால், கையில் கம்பு

ஊட்டியில் நான் படித்த கல்லூரியில் ஒருநாள், அவரவர் ஊர் இளைஞர்களுக்கு எந்த விளையாட்டு அதிகம் பிடிக்கும் என்று எழுந்து நின்று பேசச் சொன்னார்கள். என் முறை வந்ததும் "ஃபுட்பால்" என்றேன். யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வகுப்பில் எழுந்து பேச எனக்கு எப்போதும் கொஞ்சம் நடுங்கும். அன்றைக்கு நடுங்கவில்லை. நடுவட்டத்துக்குக் கீழே இருக்கும் எங்கள் எஸ்டேட்டைப் பற்றி, எங்கள் கிரவுண்டைப் பற்றி, உலகக் கோப்பை சமயத்தில் வரிசை வீடுகளான எங்கள் லயங்கள்தோறும் அர்ஜென்டினா, பிரேசில் கொடி பறப்பதைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. அருவங்காட்டுக்காரன். அப்பா அங்கே ஃபேக்டரியில் வேலை, குடியிருப்பது குவார்ட்டர்ஸில். அவர்கள் குவார்ட்டர்ஸ் டீமுக்கு அவன்தான் கேப்டன்.

"டேய், போன வாரம் கூடலூர் போறப்ப பஸ்ஸு உங்க ஊர்ல டீக்கு நின்னுச்சு. கடைத்தெருவுல மேஜைல கம்பால பந்து தட்டுற ஒரு பூல் ரூம் இருக்கே, அதுல நிக்கவே எடமில்ல. அத்தனையும் உங்க எஸ்டேட்டுப் பசங்கதானாம். அப்போ ஃபுட்பால ஆடறது யாரு, கொடிக்கம்பமா?"

வகுப்பே சிரித்தது. "மழைக்கு ஒதுங்கியிருப்பாங்க" என்றேன். உட்கார்ந்த பிறகும் காது சுட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டுக்குப் போனேன். எங்கள் கிரவுண்டு தானாக அமைந்ததல்ல. இலங்கைத் தோட்டங்களிலிருந்து இங்கே வந்து குடியேறிய குடும்பங்கள் எங்களுடையவை. என் அப்பாவும் அவர் வயதுக்காரர்களும் இளவட்டமாக இருந்தபோது, லீவு நாட்களில் மண்வெட்டி பிடித்து மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடம் அது. மேல் பக்கம் வெட்டி விட்ட மண்மேடு சுவர் மாதிரி நிற்கும். கீழ்ப்பக்கம் கோட்டைத் தாண்டினால் ஒரு வாய்க்கால், அதற்கப்பால் தேயிலைச் சரிவு. கோல் கம்பங்கள் சில்வர் ஓக் மரத்தில் வெட்டியவை. பந்து மண்மேட்டில் பட்டுத் திரும்பினால் ஆட்டம் நிற்காது, அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி. உலகத்தில் வேறெங்கும் இந்த விதி இருப்பதாகத் தெரியவில்லை. எங்களுக்கு அதில் பெருமைதான்.

இன்னொன்றும் உண்டு. மூடுபனி. ஆட்டத்தின் நடுவில் திடீரென்று இறங்கிவிடும், நீட்டிய கை தெரியாது. பனிக்குள் ஓடியவர்கள் வாய்க்காலில் விழுந்திருக்கிறார்கள், ஒருவர் பந்தைத் துரத்திக்கொண்டே தேயிலைக்குள் உருண்டு போயிருக்கிறார். அதனால் மேட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் யாராவது "நில்ல்ல்லு!" என்று கூவினால் எல்லாரும் இருந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். பந்து யார் காலில் இருக்கிறதோ அவன் அதை மிதித்துக்கொண்டு நிற்பான். பனி விலகும்போது எவனாவது இடம் மாறியிருந்தால் அவ்வளவுதான், அந்த வாரம் முழுக்க லயத்தில் தலைகாட்ட முடியாது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. நடக்கக் கற்றுக்கொள்வது போல வந்துவிடும்.

அந்த ஞாயிறு கிரவுண்டில் ஒரு டீமுக்கே ஆள் இல்லை. நாலைந்து பேர் ஈரப்புல்லில் பந்தைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தார்கள். கோல் கம்பத்தருகே யாருடைய மாடோ மேய்ந்துகொண்டிருந்தது. வாய்க்கால் ஓரமாக நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் சின்னதொரை. எங்கள் அசிஸ்டெண்ட் மேனேஜர்தான், கீழ்நாட்டுச் சமவெளியிலிருந்து புதிதாக வந்தவர். வணக்கம் சொன்னேன்.

"தம்பி காலேஜ்ல படிக்கிறீங்கன்னு சொன்னாங்க. நானும் வந்ததிலிருந்து பார்க்கிறேன், இங்க ஆடுறது அந்த மாடு மட்டும்தான். புதுச் செடிக்கு நாற்றங்கால் போடச் சமமான இடம் இந்த மலையில எங்க கிடைக்குது, சொல்லுங்க."

"மழை சீசன்ங்க. அதான் யாரும் வரலீங்க."

நல்ல மனுஷன்தான். "சரி. மழை விட்டதும் ஒரு மேட்ச் வைங்க. நானே வர்றேன். ஆட ஆளும் பார்க்க ஆளும் இருந்தா இந்த இடத்தைத் தொட மாட்டேன். இல்லேன்னா மறுநாள் மண்ணு நிரப்பின பையைக் கொண்டாந்து அடுக்கிருவோம்."

அன்று மாலையே பூல் ரூமுக்குப் போனேன். முன்பு சிமெண்டு மூட்டை அடுக்கியிருந்த கடை அது. உள்ளே ஒரே ஒரு மேஜை, மேலே தொங்கும் நீள விளக்கு, சுவரோரம் ஒரு பெஞ்சு. கூடலூர் மலையாளியான கடைக்காரர், பச்சைத் துணிமேல் இஸ்திரிப் பெட்டியை நிதானமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் ஈரத்துக்குத் துணி நனைந்து, பந்து பாதியிலேயே படுத்துவிடும். தினமும் கடை திறந்ததும் இந்த இஸ்திரிதான் முதல் வேலை. சட்டையைக்கூட இத்தனை பதமாகத் தேய்த்து யாரும் போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை.

சுற்றி நின்றவர்களைப் பார்த்ததும் எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அத்தனை பேரும் போட்டிருந்தது ஃபுட்பால் பனியன். நீலம் வெள்ளைக் கோடு, மஞ்சள், சிவப்பு என்று பாதி உலகமே அந்த அறைக்குள் நின்றுகொண்டிருந்தது. உடம்பில் ஃபுட்பால், கையில் கம்பு. நடுவில் என் தம்பி. எங்கள் டீமின் சென்டர் ஃபார்வர்டு அவன். கம்பின் நுனி வழுக்காமலிருக்கச் சாக் கட்டி தடவிக்கொண்டே என்னைப் பார்த்தான்.

"வாண்ணே. என்ன, காலேஜு இங்கயே வந்துருச்சு?"

"கிரவுண்டுல மாடு மேயுதுடா."

"மாட்டுக்கு மழைல நனஞ்சா பரவால்ல. எனக்கு இருக்கறது ஒரே டிரவுசரு. நனச்சா அடுப்பு மேல கொடி கட்டிக் காயப் போடணும். அம்மா கத்தறது நடுவட்டம் வரைக்கும் கேக்கும்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருத்தன் எடுத்துக் கொடுத்தான்: "அதோட இது நம்ம ஜில்லா ஆட்டம்ணே. ஸ்னூக்கருக்கு வெள்ளக்காரன் சட்டம் போட்டதே ஊட்டி கிளப்புலதானாம். இது அதோட தம்பி. உங்க ஃபுட்பாலுதான் வெளியூருக்காரன்."

"மோனே, வெள்ளக்காரன் கதையெல்லாம் பின்ன பறையாம், முதல்ல மேஜைல சாயாதே" என்றார் கடைக்காரர்.

நான் சின்னதொரை சொன்னதைச் சொன்னேன். சிரிப்பு அடங்கிவிட்டது. தம்பி கம்பைச் சுவரில் சாய்த்தான்.

"நம்ம கிரவுண்டையா? நாத்து பையி அடுக்கவா?"

"ஆளில்லன்னா பின்ன என்ன பண்ணுவாரு?"

மழை நிற்கும்வரை செய்வதற்கு ஒன்றும் இல்லை. நானும் அந்த பெஞ்சில் உட்கார ஆரம்பித்தேன். எதிரியின் பலம் என்னவென்று பார்க்கலாம் என்று நினைத்துத்தான் போனேன். போகப் போக, தம்பி வெள்ளைப் பந்தை ஓரத்தில் அடித்து, அது திரும்பி வந்து இன்னொன்றைத் தட்டிப் பாக்கெட்டில் தள்ளுவதை வாய் பிளந்து பார்க்கும் ஆளாகிவிட்டேன். ஃபுட்பாலுக்கு ரசிகர்கள் கத்துவார்கள். பூல் மேஜைக்கு ரசிகர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த அறையில் பந்து உருளும் நேரத்தில் தகரக் கூரைமேல் மழை மட்டும்தான் பேசும்.

ஒருநாள் தம்பி கடைசிக் கறுப்புப் பந்துக்குக் குனிந்தான். போட்டால் ஜெயித்துவிடுவான். திடீரென்று நிமிர்ந்து கம்பை எதிராளிக்கு நீட்டினான். "டச்சு. பந்துல கை பட்டுருச்சு."

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "யாருடா பார்த்தா?" என்றேன்.

"எனக்குத் தெரியுமில்ல" என்றான், ஏதோ மணி கேட்டதற்குப் பதில் சொல்வது போல.

பனிக்குள் எங்கள் பிள்ளைகள் நிற்பதும் இப்படித்தானே என்று அப்போது தோன்றியது. எனக்கு அந்த அறைமேல் இருந்த கோபம் அன்றோடு போய்விட்டது.

மழை விட்டது. கல்லூரியில் அருவங்காட்டுக்காரனிடம் போய், "டீமைக் கூட்டிக்கிட்டு வாடா, யாரு ஆடறாங்கன்னு பாரு" என்றேன். அவன் உடனே ஒத்துக்கொண்டான். எங்கள் பையன்களும் தினமும் சாயந்திரம் கிரவுண்டுக்கு வந்தார்கள். வந்தவர்களின் லட்சணம் முதல் நாளே தெரிந்தது. ஒரு சுற்று ஓடியதும் பாதிப் பேர் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார்கள். மழைக்காலம் முழுக்க மேஜையைச் சுற்றி நடந்த கால்கள். பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த அம்மாவும் மற்றப் பெண்களும் மேட்டில் நின்று பார்த்தார்கள்.

"ஏன்டா, பந்துக்கும் சாக் கட்டி தடவணுமா? கொண்டாரச் சொல்லவா?" என்று அம்மா கேட்டாள். அந்தக் கேலி தாங்காமலேயே அவர்கள் ஓடக் கற்றுக்கொண்டார்கள்.

மேட்ச் நாள் வந்தது. பூல் ரூமில் அதே ஞாயிறு ஒரு போட்டி வைப்பதாக இருந்த கடைக்காரர், கதவை இழுத்துப் பூட்டிவிட்டு, பெஞ்சைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். லயங்களில் அடுப்பு பார்க்கக்கூட ஒருவர் இருந்தாரா என்று சந்தேகம். மண்மேடு முழுக்க ஆட்கள். முன்னால் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்த பெண்கள், அவர்களுக்குப் பின்னால் நைட் ஷிப்ட் முடிந்து தூங்காமல் வந்த அப்பாவும் டீ ஃபேக்டரிக்காரர்களும். சின்னதொரை குடையோடு கீழ்க்கோட்டு ஓரத்தில் நின்றார். அருவங்காட்டு டீம் வேனை விட்டு இறங்கி, மேட்டை அண்ணாந்து பார்த்துக் கொஞ்சம் திகைத்துப் போனது.

"என்னடா இது, கோயில் திருவிழாவா?" என்றான் கேப்டன்.

"எங்க கொடிக்கம்பம் ஆடறதப் பாக்க வந்திருக்காங்க" என்றேன்.

ஆரம்பிக்கும் முன் அவர்களுக்கு எங்கள் விதிகளைச் சொன்னேன். மண்மேட்டில் பட்ட பந்து ஆட்டத்தில் சேர்த்தி. வாய்க்காலில் விழுந்தால் த்ரோ. எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று நினைத்து, ரெஃப்ரீயாக வந்த கூடலூர் பி.டி. வாத்தியாருக்குத் தலையாட்டினேன்.

முதல் பாதியில் நாங்கள் நன்றாகவே ஆடினோம். தம்பி பந்தை எதிராளிக்கு நேராகக் கொண்டுபோய், மண்மேட்டில் சாய்வாக அடித்து, திரும்பி வரும் இடத்தில் அவனே போய் நின்று வாங்கினான். பூல் மேஜையின் ஓரத்தை அவன் கிரவுண்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். கடைக்காரர் பெஞ்சின்மேல் ஏறி நின்று கத்தினார். கோல் மட்டும் விழவில்லை. எங்கள் லெஃப்ட் அவுட் உதைக்க ஓங்கி, காற்றை உதைத்தான்.

"செடி வெட்டற கவாத்துக் கத்தியாட்டம் வீசறியே, பந்துல படவே மாட்டேங்குதே சாமி!" என்று மேட்டிலிருந்து ஒரு குரல்.

அப்போது மேலே சில்வர் ஓக் வரிசை பனியில் மறைந்தது. "நில்ல்ல்லு!" என்று பெண்கள் கூவினார்கள்.

நாங்கள் நின்றோம். நான் டிஃபென்சில் இருந்தேன். வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வழக்கமாக அந்த நேரத்தில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். இந்த முறை காலடிச் சத்தம் கேட்டது. யாரோ "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்றார்கள். யாரோ என் தோளை உரசிக்கொண்டு போனார்கள். எனக்கு ஒன்றுமே புரியவில்லை, ஆனாலும் கால் நகர மறுத்தது.

பனி விலகியபோது நாங்கள் பதினொரு பேரும் நட்ட கல் மாதிரி நின்றுகொண்டிருந்தோம். எங்கள் கோலுக்குள் பந்து கிடந்தது. அதன் பக்கத்தில் அருவங்காட்டுக் கேப்டன், கட்டிப்பிடிக்க வந்த தன் ஆட்களை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், ஏன்டா யாருமே தடுக்கல? என்னாச்சு உங்களுக்கு?"

மேடு பொங்கிவிட்டது. "ஏய், அது கோலா? நின்னவன ஏமாத்திட்டுப் போறதுக்குப் பேரு ஆட்டமா?" பெண்கள் பாதிப் பேர் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். கோல் காக்கும் எங்கள் கோலி கையுறையைக் கழற்றி எறிந்தான். ரெஃப்ரீ என்னைப் பார்த்து, "நிக்கணும்னு எங்க தம்பி எழுதியிருக்கு?" என்று கேட்டார். எங்கும் எழுதவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மண்மேடு, வாய்க்கால் எல்லாம் சொன்ன நாங்கள், இதைச் சொல்லவே இல்லை. இது ஒரு விதி என்றே எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை. உலகத்தில் எல்லாரும் பனி வந்தால் நிற்பார்கள் என்று நினைத்திருந்தோம்.

சின்னதொரை குடையை மடக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். சண்டையாகி மேட்ச் நின்றால் எங்கள் கதை முடிந்தது. தம்பிதான் நடுவே வந்தான்.

"சொல்லாதது நம்ம தப்பு. கோலு கோலுதான். பந்த சென்டர்ல வைங்க."

"என்னடா பேசற?" என்று மேட்டிலிருந்து அம்மாவே சத்தம் போட்டாள்.

"அம்மா, நீ மேல ஏறி உக்காரு. இன்னும் பாதி ஆட்டம் கெடக்கு."

அருவங்காட்டுக் கேப்டன் தன் ஆட்களைக் கூட்டி வைத்து ஏதோ பேசினான். பிறகு என்னிடம் வந்தான். "மறுபடி பனி வந்தா நாங்களும் நிக்கறோம். சரியா?"

"எப்படி நிக்கணும்?" என்று அவர்கள் கோலி கேட்டான்.

"இருக்கற மாதிரியே" என்றோம்.

இரண்டாம் பாதி முழுக்க முட்டி மோதினோம். நேரம் கரைந்துகொண்டே போனது. தம்பி மண்மேட்டில் ஒரு அடி அடித்து, டிஃபென்சைத் தாண்டி, பாய்ந்து வந்த கோலியையும் வளைத்துக்கொண்டு போனான். கோலி விழுந்துவிட்டான். எதிரே வெறும் கோல். காலை ஓங்கும் நேரத்தில் மேலேயிருந்து அந்தக் குரல் வந்தது. "நில்ல்ல்லு!"

எல்லாம் வெள்ளையாகிவிட்டது.

அந்தப் பனிக்குள் நின்றது எனக்கு இன்னும் உடம்பில் இருக்கிறது. தம்பியின் காலில் பந்து. ஒரு தட்டு தட்டினால் கோல். யாருக்கும் தெரியாது. அந்தக் கோல் விழாவிட்டால் தோற்றுப்போன டீமுக்கு, ஊரே திரண்டு வந்தது மட்டும் போதுமா, கிரவுண்டு நிற்குமா என்று நினைத்தேன். தட்டிவிடக் கூடாதே என்றும் நினைத்தேன். மேட்டில் இருமல் சத்தம்கூட இல்லை. கீழ்க்கோட்டுப் பக்கம் ஒரு பெண் குரல் மட்டும் அதட்டியது: "தொரை, உங்களுக்குந்தான்! நில்லுங்க!"

பனி மெல்லக் கிழிந்தது. தம்பி பந்தை மிதித்தபடியே நின்றுகொண்டிருந்தான். அருவங்காட்டுக்காரர்கள் ஒருவரும் அசையவில்லை. அவர்கள் கோலி விழுந்த இடத்திலேயே, ஒரு கையை நீட்டி, கன்னம் சேற்றில் பதியப் படுத்துக் கிடந்தான்.

"எந்திரிக்கலாமா?" என்று படுத்தபடியே கேட்டான்.

மேடு வெடித்துச் சிரித்தது. அப்போதுதான் எல்லாரும் கீழே பார்த்தார்கள். வாய்க்காலைத் தாண்டப் போன சின்னதொரை, அதட்டலுக்குப் பயந்து, ஒரு கால் இந்தக் கரையிலும் ஒரு கால் அந்தக் கரையிலுமாக, குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றுகொண்டிருந்தார். சிரிப்பு அலைஅலையாக வந்தது. அவரும் சிரித்துவிட்டார்.

"எந்திரிங்கண்ணே. நீங்க நின்னதுக்கு அப்பறம் அடிக்கறேன்" என்றான் தம்பி கோலியிடம்.

கோலி எழுந்து, கன்னத்தைத் துடைத்து, கோலுக்கு முன்னால் போய்க் கை விரித்து நின்றான். ரெஃப்ரீ விசில் கொடுத்தார். தம்பி அடித்தான். கோலியின் விரலில் உரசி, சில்வர் ஓக் கம்பத்தில் பட்டு, கம்பமே ஆடி, பந்து உள்ளே போனது. அதன்பிறகு யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. கடைக்காரரின் பெஞ்சு உடைந்தது மட்டும் தெரியும்.

மேட்ச் டிராவில் முடிந்தது. சின்னதொரை என்னிடம் வந்து, "நாற்றங்காலுக்கு வேற இடம் பார்த்துக்கிறேன், தம்பி" என்றார். அப்புறம், "அந்தக் கம்பம் ஆடுதே, புதுசு வேணும்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டார்.

வேன் கிளம்பும்வரை அருவங்காட்டுக்காரர்கள் பூல் ரூமில்தான் இருந்தார்கள். சேற்றுக்காலோடு இரண்டு டீமும் ஒரே மேஜையைச் சுற்றி நின்றன. "துணியைத் தொட்டால் ஞான் கொல்லும்" என்று கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியோடு மிரட்டிக்கொண்டிருந்தார். கேப்டன் என்னிடம் கேட்டான்: "இப்ப சொல்லுடா. உங்க ஊர்ல எது பெருசு, ஃபுட்பாலா இதுவா?"

கல்லூரியில் சொன்னதை நான் கொஞ்சம் திருத்திக்கொண்டேன். "இதுக்குத் தினமும் பசங்க வருவாங்க. அதுக்கு ஊரே வரும். ரெண்டுலயும் ஆடறது ஒரே பசங்கதான்."

சொன்னபோது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. உயரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரமே கொழுந்து லாரியில் புதிதாக வெட்டிய சில்வர் ஓக் கம்பங்கள் வந்து இறங்கின. பட்டை உரிக்காத, ஈர வாசனை போகாத கம்பங்கள். அப்பாவும் நானும் குழி தோண்டி ஒன்றை நிறுத்திப் பிடித்துக்கொண்டோம். தம்பி கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்து, தாடையைக் கிட்டத்தட்டத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கம்பத்தைப் பார்த்தான். கறுப்புப் பந்தை அடிக்கும் முன் பார்ப்பானே, அதே பார்வை.

"கொஞ்சம் எடது பக்கம்ணே. இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே. நில்லு!"

நாங்கள் நின்றோம். அவன் வந்து மண்ணைத் தள்ளினான்.